பழைய மோட்டார்க் காரின் மூலம் அறிதல்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது முன்னோர் வழக்கு. ஆனால், பழைய மோட்டார்க் கார் ஒன்று கைக்கு வரும்போது, அதன் மூலத்தை ஆராயாமல் அதன்மீது கைவைத்தல் ஆகாது. நதியின் மூலத்தை அறியாதிருப்பதனால் அதன் நீரின் சுவை குன்றிவிடுவதில்லை. காரின் மூலத்தை அறியாமல் அதனைப் புதுப்பிக்கப் புகுந்தாலோ, பின்னர் அறிந்துகொள்வதற்கு இருக்கும் வழிகளும் அந்தப் புதுப்பித்தலாலேயே அடைபட்டுப்போகும். சுரண்டி எறிந்த வண்ணமும், அரைத்துத் தேய்த்த இலக்கமும், பழைய இரும்புக் கடைக்குப் போன ஆணியும் மீண்டு வருவதில்லை.

கிளிநொச்சிப் பட்டினத்துக்குத் தென்மேற்கே குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஊர் அக்கராயன். அக்கராயன் என்ற வன்னித் தலைவன் ஒருவனின் பெயரை அவ்வூர் தாங்கி நிற்கிறதென்பது மரபு. அங்கே ஒரு வளவின் கோடியில், கிடுகு வேய்ந்த கொட்டிலின் கீழே, இருவர் மட்டும் அமரத்தக்க, கூரையற்ற பழைய கார் ஒன்று கிடப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். முகப்பிலே பெயர்ச் சின்னம் இல்லை. இலக்கத் தகடும் இல்லை. சில்லுகள் நான்கும் நான்கு விதம். மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது வேறொரு வண்டியின் இயந்திரமோ என்ற ஐயம் எழுகிறது. கதவோரத்து மரத்தைக் கறையான் தின்றிருக்கிறது. ‘அப்புவின் றேசிங் கார்’ என்பதற்கு மேல் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர் பணம் அனுப்ப முன்வருகிறார். கராச்காரர், அடுத்த திங்கட்கிழமையே பிரித்து வேலையைத் தொடங்கிவிடலாம் என்கிறார். அந்தத் திங்கட்கிழமைக்கு முன் என்ன செய்யப்படுகிறது என்பதிலேதான் அந்தக் காரின் வருங்காலம் மட்டுமன்றி, அதன் இறந்தகாலமும் தங்கியிருக்கிறது.

இத்தகைய வண்டி வன்னிக்கு எவ்வாறு வந்திருக்கக்கூடும்? இலங்கையில் ஸ்போர்ட்ஸ் கார் மீதான மோகம் மிகப் பழையது. 1934ஆம் ஆண்டிலேயே நுவரெலியாவில் மகஹஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி தொடங்கிவிட்டது. தோட்டத் துரைமாரும் கொழும்புச் செல்வரும் இங்கிலாந்திலிருந்து சிறிய, விரைவான கார்களைத் தருவித்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அந்நியச் செலாவணி தேட வேண்டிய நிலையிலிருந்த பிரித்தானியா, தான் செய்த கார்களிற் பெரும்பகுதியைக் கடல் கடந்து விற்க முனைந்தது. முதல் உரிமையாளர் தாய்நாடு திரும்பும்போது காரை விற்றுச் செல்வார். வாங்கியவர் வைத்தியராகவோ வழக்கறிஞராகவோ இருப்பார். அவரிடமிருந்து வணிகருக்கும், வணிகரிடமிருந்து மெக்கானிக்குக்கும் வண்டி கைமாறும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை இறங்கும், நகரமும் தொலைவாகும். குளங்களின் கீழே காணி வெட்டிக் குடியேற யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவர்களோடு, இவ்வாறு விலையிறங்கிய வண்டிகளும் வந்து சேர்ந்திருத்தல் இயல்பே.

அடையாளம் காணும் வேலை அளவுநாடாவோடு தொடங்க வேண்டும். காரின் மேனியை மாற்றலாம், வண்ணத்தை மாற்றலாம், இயந்திரத்தையும் மாற்றலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றுவது எளிதன்று. அந்த ஓர் அளவே முதற் சல்லடையாக உதவும். தொடக்ககால ஒஸ்ரின் 7 வண்டிகளில் அந்த இடைத்தூரம் 75 அங்குலம். எம்.ஜி. தொழிற்சாலை 1932 முதல் 1934 வரை செய்த ஜே 2 என்ற வண்டியில் அது 86 அங்குலம். ட்ரையம்ப் ரீ.ஆர். 2 வண்டியில் 88 அங்குலம். ஒஸ்ரின் ஹீலி 100 வண்டியில் 90 அங்குலம். 1936ஆம் ஆண்டிலே தொடங்கிய எம்.ஜி. ரீ. வரிசை முழுவதும் 94 அங்குலம். ஆகவே, அக்கராயன் கொட்டிலிற் கிடக்கும் வண்டியில் நாடா 94 என்று காட்டினால், ஆராய வேண்டிய நூறு பெயர்கள் ஒரு சிலவாகக் குறைந்துவிடும். அவற்றுள்ளும், முன்பக்கத்தில் வளையா அச்சும் பட்டை வில்லும் இருந்தால் அது 1949ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வகை. ஒவ்வொரு முன் சில்லும் தனித்தனியே சுருள் வில்லில் இயங்குமாயின், அது ரீ.டி. முதலான பிற்பட்ட வகை.

அடுத்ததாக ஆணியையும் நட்டையும் பார்க்க வேண்டும். இவற்றின் புரிகளைக் கண்டே நாட்டையும் காலத்தையும் ஓரளவு கூறிவிடலாம். பழைய பிரித்தானிய வண்டிகளில் விற்வேர்த் முறைப் புரிகள் இருக்கும். போருக்குப்பின் அமெரிக்காவோடு பொதுவாக ஏற்கப்பட்ட புதிய முறை 1950களில் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. எம்.ஜி. ரீ.சி. வண்டியின் இயந்திரத்திலோ ஒரு விந்தை உண்டு. நட்டின் வெளித்தலை விற்வேர்த் சாவிக்குப் பொருந்தும். உட்புரி மெற்றிக் முறையில் இருக்கும். மொரிஸ் நிறுவனம் 1923இல் கொவென்றி நகரிலிருந்த பிரெஞ்சுக் கம்பனி ஒன்றின் இயந்திரத் தொழிற்சாலையை வாங்கியது. பிரெஞ்சு அளவிலே புரி வெட்டும் பொறிகள் அங்கே இருந்தன. அவற்றைத் தூக்கி எறிய மனமின்றி, ஆங்கிலத் தொழிலாளர் கையிலிருந்த சாவிக்கு ஏற்பத் தலையை மட்டும் மாற்றிக்கொண்டனர். இந்தச் செய்தியை அறியாத மெக்கானிக், புரி பொருந்தவில்லையென்று பழைய நட்டை வீசிவிட்டுப் புதியதை முறுக்கி ஏற்றுவார். அத்தோடு இயந்திரத்தின் ஒரு சாட்சி தொலைந்துவிடும்.

மூன்றாவது சாட்சி இலக்கம். சேசிஸ் என்று கராச்களிலே வழங்கும் அடிச்சட்டகத்தில் தொழிற்சாலை பொறித்த இலக்கமே காரின் பிறப்புச் சான்று எனலாம். ரீ.சி. வண்டியில் அது இடப்பக்கச் சட்டத்தின் முன் நுனியிற் பொறிக்கப்பட்டிருக்கும். அபிங்டன் நகரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலை தன் ஒவ்வொரு வகைக் காருக்கும் இலக்கத்தை 1இலிருந்து தொடங்காமல் 251இலிருந்து தொடங்கியது. தொழிற்சாலையின் தொலைபேசி இலக்கம் 251 என்பதே அதற்குக் காரணம். 1945 முதல் 1949 வரை 10,000 ரீ.சி. கார்கள் செய்யப்பட்டன, அவற்றின் இலக்கங்களும் 251ஐ அடுத்தே வரிசையாகச் செல்கின்றன. ஆகவே, ரீ.சி. என்ற எழுத்துகளின் பின்னே 0100 என்ற இலக்கத்தைக் கண்டால், அது பிற்காலத்தார் கைவேலை என்று ஐயுற வேண்டும்.

இலக்கத்தைத் தேடும்போது கம்பித் தூரிகையும் அரைக்கும் பொறியும் அருகிலே வரக்கூடாது. பல ஆண்டு எண்ணெயும் மண்ணும் இறுகிய படலத்தை மண்ணெண்ணெயில் தோய்த்த மென்மையான தூரிகையால் ஊறவைத்து நீக்கலாம். பின்னர், இருட்டில் ரோச் விளக்கைப் பக்கவாட்டிலே சாய்த்துப் பிடித்தால், நேரொளியிற் புலப்படாத எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். மெல்லிய தாளை அதன்மேல் விரித்துப் பென்சிலால் தேய்த்தால், உருவம் தாளிலே பதியும். அந்தத் தாளையே பத்திரப்படுத்த வேண்டும். இலக்கம் அராவப்பட்டிருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எழுத்தைப் பொறிக்கும் அடி, அதன் கீழேயுள்ள உலோகத்தையும் நெரித்துவிடுகிறது. மேற்பரப்பு போனபின்னரும் நெரிந்த இடம் எஞ்சும். உரிய அமிலத்தைப் பூசினால், நெரிந்த உலோகமும் நெரியாத உலோகமும் வேறுவேறாக அரிபட்டு, மறைந்த எழுத்து தோன்றும். இந்த ஆய்வு அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் இருப்போர் போன்ற வல்லுநருக்கு உரியது. வீட்டு முற்றத்திலே செய்யத்தக்கதன்று. எழுத்து மங்கிவிட்டதென்று புதிதாக இலக்கம் அடிப்பதோ சட்டத்துக்கும் புறம்பு, உண்மைக்கும் புறம்பு.

சிறு உறுப்புகளும் வாய்திறந்து பேசுவனவே. லூக்கஸ் நிறுவனத்தின் ஸ்ராட்டர் மோட்டார், டைனமோ முதலியவற்றில் அவை செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் சிறு எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ரிப்பிளெக்ஸ் கண்ணாடியின் மூலையிலே, பெயரெழுத்துகளின் அருகே காணப்படும் புள்ளிகளிலும் காலக்குறிப்பு மறைந்திருக்கிறது. டாஷ்போட்டின் உட்புறத்திலும் இருக்கையின் அடியிலும், எவரும் மீண்டும் வண்ணம் பூசாத மூலையொன்றில் முதல் நிறம் எஞ்சியிருக்கக்கூடும். ஒரு சதம் நாணயத்தளவு இடத்தை மெல்லத் தேய்த்தால், மரத்தின் வளையங்கள் போல ஒவ்வொரு வண்ணப் படையும் வரிசையாகத் தெரியும். ஒரே ஓர் உறுப்பின் ஆண்டைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஐந்து உறுப்புகள் 1947 என்றும் ஒன்று 1955 என்றும் கூறுமாயின், கார் 1947இல் பிறந்து, 1955இலோ அதன் பின்னரோ ஓர் உறுப்பை மாற்றிக்கொண்டது என்பதே பொருந்தும் விளக்கம்.

மரமும் சாட்சி சொல்லும். அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களின் தகட்டு மேனிக்குள்ளே மரச்சட்டம் இருந்தது. இங்கிலாந்திலே அதற்கு ‘ஆஷ்’ என்னும் மரத்தைப் பயன்படுத்தினர். அக்கராயன் வண்டியின் கதவுச்சட்டம் முதிரையாகவோ பாலையாகவோ இருக்குமாயின், அது இந்நாட்டுத் தச்சன் ஒருவனின் கைவேலை. அந்தச் சட்டத்திலே அவன் எந்த உளியால் எவ்வாறு பொருத்து வெட்டினான் என்பதைப் பார்த்தால், மாட்டு வண்டி செய்து பழகிய கையா, கதவு நிலை செய்து பழகிய கையா என்பதுகூடப் புலப்படலாம். அதனைக் கறையான் அரித்ததென்று அடுப்பிலே வைப்பதற்கு முன், அளவெடுத்துப் படம் பிடித்து வைத்தல் வேண்டும்.

இவ்வளவும் தேடியபின், எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் அகப்படாத கார் என்று முடிவாவதும் உண்டு. அது ஏமாற்றத்துக்குரிய முடிவன்று. ஒஸ்ரின் 7, மொரிஸ் 8 போன்ற எளிய குடும்பக் கார்களின் மேனியைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டகத்தின்மேல் தகடு அடித்துத் தமக்கென ஸ்போர்ட்ஸ் கார் செய்துகொண்டவர்கள் உலகெங்கும் இருந்தனர். பிற்காலத்தில் லோட்டஸ் கார்களாற் புகழ்பெற்ற கொலின் சப்மன், 1948இல் தம் முதற் காரைப் பழைய ஒஸ்ரின் 7 ஒன்றின்மேலேயே அமைத்தார். அக்கராயன் வண்டியும் அவ்வாறு ஒரு கராச்சிலே பிறந்ததாக இருப்பின், அதற்கு எம்.ஜி. முகப்பைப் பூட்டி எம்.ஜி. ஆக்குவது, உள்ள பெருமையை அழித்து இல்லாத பெருமையைத் தேடுவதாகும். தகடு அடித்தவனின் பெயரைத் தேடுவதே அங்கே செய்ய வேண்டிய ஆராய்ச்சி.

இரும்பும் மரமும் கூறுவதைக் கேட்டபின் ஏட்டைத் திறக்க வேண்டும். இங்கிலாந்திலே கேய்டன் என்னுமிடத்தில் உள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலையின் ஆவணக் களரி, பல பழைய நிறுவனங்களின் உற்பத்திப் பதிவேடுகளைப் பேணி வருகிறது. 1930இல் நிறுவப்பட்ட எம்.ஜி. கார்க் கழகத்தின் பிரிவுகளும் தத்தம் வகைக் கார்களின் பட்டியல்களை வைத்திருக்கின்றன. சேசிஸ் இலக்கம் கிடைத்தால், கார் எந்த நாளிலே தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது, முதலிற் பூட்டப்பட்ட இயந்திரத்தின் இலக்கம் யாது என்பன போன்ற செய்திகள் அங்கிருந்து கிடைக்கக்கூடும். இலங்கையிலே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் நடக்கும் பதிவு, உரிமையாளர் வரிசையை அறிய உதவும்.

இலக்கத் தகடோ நாட்டின் வரலாற்றையே சுமந்து நிற்பது. ஒரு காலத்தில் ‘சிலோன்’ என்ற நாட்டுப் பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து, சீ.எல்., சீ.என்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்பன போன்ற எழுத்துகளைத் தகடுகளில் இட்டனர். 1950களின் பிற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. தமிழ்ப் பகுதிகளிலே அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 1957, 1958ஆம் ஆண்டுகளிலே பலர் தத்தம் தகடுகளில் தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதி ஓட்டினர், அதற்காகத் தண்டனை பெற்றவர்களும் உளர். கோழிக்கூட்டின் மேலே தகரமாகக் கிடக்கும் பழைய தகட்டில் அந்தத் தமிழ் எழுத்து இருக்குமாயின், அது காரின் ஓர் உறுப்பு என்பதற்கும் மேலான பொருள். எனினும், எழுத்து வரிசை காட்டுவது இந்நாட்டிற் பதிவான காலத்தையே என்பதை மறத்தல் கூடாது. பழையதாக இறக்குமதியான கார், பிற்கால எழுத்தைப் பெற்றிருக்கும்.

ஏட்டுக்குப் பின் மனிதர். ஊரிலுள்ள முதியோரிடம் ‘அந்தக் கார் எம்.ஜி. தானே?’ என்று கேட்டால், ‘ஓம்’ என்ற விடையே வரும். ‘அது என்ன நிறம்? எப்படிச் சத்தமிடும்? யாருடைய கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போனது? எந்தக் கராச்சிலே திருத்தினார்கள்?’ என்று கேட்க வேண்டும். ஆண்டு நினைவில்லாதவர்களுக்கும் பெருநிகழ்ச்சிகள் நினைவில் இருக்கும். 1964 டிசம்பரில் வடபகுதியைத் தாக்கிய புயலுக்கு முன்னா, பின்னா என்று கேட்டால் விடை தெளிவாக வரும். ஒருவர் கூறியதை மற்றவருக்கு முன்கூட்டிச் சொல்லாமல், தனித்தனியே கேட்டு எழுதிக்கொண்டால், பொருந்துவதும் பொருந்தாததும் தாமே பிரிந்து நிற்கும்.

வன்னியிலே பழைய கார் ஒன்றை ஆராய்பவர், பிறநாட்டு நூல்கள் எவையும் சொல்லித்தராத ஓர் அதிகாரத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. 1990இல் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் அரும்பொருளாயிற்று. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். புதிய கார்களின் உயர்ந்த அழுத்தம் இதற்கு இடங்கொடாது. பழைய இயந்திரங்களின் தாழ்ந்த அழுத்தம் ஓரளவுக்குத் தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. பெயறிங்குகள் விரைவிலே தேய்ந்தன. அப்படியிருந்தும் நோயாளரை ஏற்றின, கர்ப்பிணிகளை ஏற்றின, 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட மக்களின் மூட்டைகளையும் ஏற்றின. 1996இல் கிளிநொச்சிப் பட்டினத்தை விட்டு வெளியேறியவர்கள் பெருந்தொகையாக அக்கராயன், ஸ்கந்தபுரம் பகுதிகளுக்கு வந்தபோது, அந்த வண்டிகளும் உடன் வந்தன.

ஆகவே, அக்கராயன் வண்டியின் இயந்திரத்தருகே இரண்டாவது எண்ணெய்க் குழாய் ஒன்றும், கம்பியாற் கட்டிய சிறு போத்தல் ஒன்றும், புகைபோக்கியை அணைத்துச் செல்லும் செப்புக் குழாய் ஒன்றும் காணப்படுமாயின், அவை குப்பையல்ல. புதுப்பிப்பவர் முதலிற் கழற்றி எறிய விரும்புவது அவற்றைத்தான். தொழிற்சாலைப் படத்திலே அவை இல்லை. ஆயினும், அந்தக் கார் எப்படிப் பிழைத்தது என்பதற்கும், அதனை வைத்திருந்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்கும் அவையே சான்று. பொருந்தாத இயந்திரத்துக்கும் இதே நியாயம் உண்டு. மூல இயந்திரம் வயற்கிணற்றில் நீரிறைக்கப் போயிருக்கலாம். மூலச் சில்லைத் தேட வேண்டிய இடம் அயல்வளவின் மாட்டுவண்டியாக இருக்கலாம். கேட்டுப் பார்க்கும்வரை எதுவும் தொலைந்ததென்று கொள்ள வேண்டியதில்லை.

இலக்கத்தின் பெறுமதியை வன்னி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதுமில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்கராயனையும் அயலூர்களையும் விட்டு மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, உழவு இயந்திரங்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் பழைய கார்களையும் கொண்டு சென்றனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது அவை முல்லைத்தீவுக் கடலோரத்திலே எரிந்தும் நொறுங்கியும் கிடந்தன. பின்னர் உரிமையாளர்கள் தம்முடையதைத் தேடிச் சென்றபோது, நிறமும் வடிவமும் போன இரும்பிலே சேசிஸ் இலக்கமே துணைசெய்தது. பதிவுப் புத்தகத்தை உடலோடு கட்டிக் காப்பாற்றியவர்களுக்கு அந்த இலக்கத்தைப் பொருத்திப் பார்க்க முடிந்தது.

இயந்திரமும் மேனியும் மாறிய கார், பழைய காரேயாகுமா என்ற வினா இனி எழுவது இயல்பு. இவ்வினா இலண்டன் உயர்நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ற்லி கார் ஒன்று ‘பழைய முதலாம் இலக்கம்’ என்று அழைக்கப்பட்டது. 1932இல் 8 லீற்றர் இயந்திரம் பூட்டப்பட்டுப் புறூக்லன்ட்ஸ் பந்தயத்தில் ஓடியபோது அது பாதையை விட்டுப் பாய்ந்தது. ஓட்டுநர் கிளைவ் டன்பி மாண்டார். பின்னர் மீண்டும் கட்டப்பட்டு, வீதிக் காராக மாற்றப்பட்டது. 1990இல் அதனை 10 மில்லியன் பவுணுக்கு விற்கும் உடன்பாடு செய்யப்பட்டது. இது உண்மையான பழைய கார் அன்று என்று கூறி வாங்குபவர் பின்வாங்கினார். 1929இல் ஓடிய காரின் உறுப்புகளிற் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஒட்டன் கண்டார். ஆயினும், வேறொரு காராகப் பிரிந்துபோகாமல், இடையறாத வரலாற்றோடு படிப்படியாக மாறி வந்த கார் அது; ஆகவே அது பழைய முதலாம் இலக்கமே என்று அவ்வாண்டு யூலையிலே தீர்ப்பளித்தார்.

அத்தீர்ப்பிலே அக்கராயன் வண்டிக்கும் ஒரு பாடம் உண்டு. காரின் அடையாளம் உறுப்புகளின் கூட்டுத்தொகை மட்டுமன்று. ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு அது வந்த வழி இடையறாது தெரிய வேண்டும். வழியின் ஒரு பகுதியை அழகில்லை என்று அழித்துவிட்டால், அடையாளமே துண்டுபட்டுப்போகும். தொடாமல் விடுவதும் ஒரு முடிவாகலாம். சுவிற்சர்லாந்தின் மகியோரே ஏரியின் அடியிலே, 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்திற் பல்லாண்டு கிடந்த 1925ஆம் ஆண்டின் புகாட்டி கார் ஒன்றை 2009 யூலையில் வெளியே எடுத்தனர். ஒரு பக்கம் முற்றாக அரிபட்டிருந்தது. 2010 ஜனவரியிலே பாரிஸ் ஏலத்தில் அது 260,500 யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கிய அமெரிக்கர் அதனைப் புதுப்பிக்கவில்லை. துருவேறிய நிலையிலேயே தம் நூதனசாலையிற் காட்சிக்கு வைத்தார்.

அக்கராயன் வண்டிக்குத் துருவோடு நிற்பதே கதி என்று இதனாற் கொள்ள வேண்டியதில்லை. அது மீண்டும் கிளிநொச்சி வீதியில் ஓடுவதை விரும்பும் வீட்டாரின் ஆசை நியாயமானதே. வேண்டுவது முறை ஒன்றுதான். கொட்டிலிலிருந்து இழுப்பதற்கு முன்னே நாற்புறமும் படம் எடுத்தல், அச்சிடைத் தூரத்தை அளத்தல், இலக்கங்களைத் தாளிலே பதித்தல், உறுப்புகளின் ஆண்டுகளைப் பட்டியலிடுதல், முதியோர் மொழிகளை எழுதிக்கொள்ளுதல், பதிவேட்டை நாடுதல், பின்னரே பிரித்தல். கழற்றிய ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டுக் கட்டி, பயன்படாததையும் ஒரு பெட்டியிலே வைத்தல். எந்த ஆண்டின் காராக அதனை மீளமைப்பது என்பதை இவையெல்லாம் முடிந்தபின் தீர்மானிக்கலாம். 1947இன் காராக ஆக்க எண்ணுவோரும், 1995இன் மண்ணெண்ணெய்க் குழாயைப் பெட்டியிலே பத்திரமாக வைத்திருந்தால், வரலாறு துண்டுபடாது. இதற்குச் செலவாகும் காலம் ஒரு மாதம் அல்லது இரண்டு. கொட்டிலிலே பல்லாண்டு காத்திருந்த வண்டிக்கு அது பெரிய தாமதமன்று.

வன்னியிலே காணி உறுதியையும் கலியாணப் படத்தையும் பிறப்புச் சான்றையும் போரிலே இழந்த குடும்பங்கள் பல. அத்தகைய வீட்டிலே, ஆண்டும் இலக்கமும் பொறித்த பழம்பொருள் என்று எஞ்சியிருப்பது அந்த ஒரு காராகவே இருக்கலாம். அதன் இரும்பிலே பாட்டனின் வாழ்வும் தந்தையின் அலைச்சலும் பதிந்திருக்கின்றன. அவற்றைப் படித்து எழுதி வைத்தபின், வண்ணம் பூசுவோர் தாராளமாகப் பூசட்டும்.